பீட்டில்ஸ்: டீலக்ஸ் பெட்டிகள் வந்த பிறகும் பழைய பூட்லெக் தேவையா?

கூரைக்கச்சேரி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல இருக்கிற கேள்வி. பீட்டில்ஸோட வெளிவராத பதிவுகளைச் சேர்த்த ஆந்தாலஜி மூணு தொகுப்பும் 1995, 1996-லயே வந்தாச்சு. 2017-ல பெப்பர், அடுத்த வருஷம் ஒயிட் ஆல்பம், அப்புறம் ஆபி ரோடு, லெட் இட் பி, ரிவால்வர்னு டீலக்ஸ் பெட்டிகள் வரிசையா வந்துடுச்சு. பீட்டர் ஜாக்சனோட 'கெட் பேக்' தொடரே கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஓடுது. 2025 நவம்பர்ல ஆந்தாலஜி 4-ம் சேர்ந்தாச்சு. இவ்வளவும் நல்ல ஒலித் தரத்துல முறைப்படி கிடைக்கும்போது அல்ட்ரா ரேர் டிராக்ஸ், அன்சர்பாஸ்டு மாஸ்டர்ஸ், பர்ப்பிள் சிக் தொகுப்புன்னு பழைய பூட்லெக்கையெல்லாம் (அனுமதி இல்லாம வெளியே வந்த பதிவுகளை) இன்னும் கட்டிக் காக்கணுமா? ஹார்ட் டிஸ்க்ல இடம் இல்ல. எதை வச்சுக்கலாம், எதைத் தூக்கலாம்? நிதானமா உட்கார்ந்து கேட்டவங்க சொல்லுங்க.

நாலாம்டிராக்

தம்பி, அவசரப்பட்டு எதையும் அழிச்சிடாதீங்க. பெட்டியில வந்ததும் பூட்லெக்ல இருக்கிறதும் பேர் ஒண்ணா இருந்தாலும் பல இடத்துல சரக்கு வேற.

'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' முதல் டேக்கையே (ஒரு பாட்டைப் பதிவு பண்ற ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக்) எடுத்துக்குங்க. 1966 நவம்பர் 24 பதிவு. நமக்குப் பழகின பாட்டு பல்லவியில ஆரம்பிக்கும். இதுல லெனன் நேரா சரணத்துல இறங்கிடுவார். பின்னால வந்து சேர்ந்த டிரம்பெட், செல்லோ எதுவும் இன்னும் கிடையாது. மெல்லோட்ரான்னு ஒரு டேப் கீபோர்டு, கிடார், அடக்கமான டிரம்ஸ், அதுக்கு மேல பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி ஒரு குரல். கடைசிப் பகுதியில பின்னணியில மூணு பேர் குரலும் சேர்ந்து வரும் பாருங்க, பாட்டு அங்கதான் மேல எழும்பும். ஆந்தாலஜி 2-ல அந்த டேக்கை வெளியிட்டப்போ அந்தப் பின்குரலை மிக்ஸ்ல விட்டுட்டாங்க. வருஷக்கணக்கா பூட்லெக் கேட்டவங்களுக்கு மட்டும்தான் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியும்.

அதே தொகுப்புல இருக்கிற 'எ டே இன் த லைஃப்' ஒரே டேக் இல்ல, சில டேக்குகளை வெட்டி ஒட்டினது. கேட்க அருமையா இருக்கு, மறுக்கல. ஆனா அன்னிக்கு அந்த அறையில அப்படி ஒரு பாட்டு முழுசா வாசிக்கப்படல. அவுட்டேக், அதாவது வெளியிடாம ஒதுக்கின டேக், கேட்கிறதே அன்னிக்கு என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்கத்தானே? அதையும் அழகுபடுத்திக் கொடுத்தா, இன்னொரு ஆல்பம் கேட்கிற மாதிரி ஆயிடும்.

மெல்லோட்ரான்

இன்னொண்ணு: '12-பார் ஒரிஜினல்'. 1965 நவம்பர் 4 பதிவு, குரலே இல்லாத ப்ளூஸ். முழு டேக் ஆறரை நிமிஷத்துக்கு மேல. ஆந்தாலஜி 2-ல மூணு நிமிஷம்கூட இல்ல. சுமாரான வாசிப்புதான், ஒத்துக்கிறேன். அதுக்காக பாதியை மட்டும் கேளுன்னா எப்படி?

வெள்ளைஉறை

நான் இந்த இடத்தில் மாறுபடுகிறேன். சுமாரான வாசிப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதைப் பதிவு செய்தவர்களும் அப்படி நினைத்ததால்தான் ஒதுக்கிவைத்தார்கள். ஒரு கலைஞன் வேண்டாம் என்று தள்ளியதை, அவன் அனுமதி இல்லாமல் வெளியே எடுத்துவந்து கேட்பதில் எனக்கு நெருடல் உண்டு.

1984-85இல் 'செஷன்ஸ்' என்று ஒரு தொகுப்பை பீட்டில்ஸின் இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ. தயார் செய்தது. ஒலிப் பொறியாளர் ஜெஃப் எமெரிக் அதற்காக மிக்ஸ் செய்தார். 'லீவ் மை கிட்டன் அலோன்' போன்ற பாடல்கள் அதில் இருந்தன. உயிரோடிருந்த மூவர் தரப்பும் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. கைவிட்ட சில காலத்திலேயே அது பூட்லெக்காக விற்பனைக்கு வந்தது. விற்றவர்களுக்குப் பணம். பாடியவர்களுக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் சொன்ன 'வேண்டாம்' என்ற சொல்லுக்கும் மதிப்பில்லை.

'கார்னிவல் ஆஃப் லைட்' விஷயத்தையும் பாருங்கள். 1967 ஜனவரி 5 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸ் நிகழ்ச்சிக்காகப் பதிவானது, ஏறத்தாழ 14 நிமிடம். ஆந்தாலஜியில் சேர்க்க வேண்டும் என்று மெக்கார்ட்னி விரும்பினார், ஹாரிசன் ஒப்புக்கொள்ளவில்லை. அது இன்றுவரை கசியவும் இல்லை. கசியாமல் இருப்பதே நல்லது என்பேன். நால்வரில் ஒருவர் தடுத்தால் தடுத்ததுதான்.

நாலாம்டிராக்

அம்மா, உங்க நெருடல் நியாயம்தான். வித்தவங்களுக்கு நானும் வக்காலத்து வாங்கல. ஆனா 'கலைஞன் தள்ளினது' எல்லாம் ஒரே காரணத்துக்காகத் தள்ளினது இல்ல.

ஹாரிசனோட 'நாட் கில்டி'யைப் பாருங்க. 1968 ஆகஸ்ட்ல நூறு டேக்குக்கு மேல எடுத்தாங்க. அதுல நிறைய, முழுசா முடியாமலே நின்னுபோனது. 102-னு எண் போட்டது புது வாசிப்பே இல்ல. 99-வது டேக்கைச் சுருக்கி வேற டேப்புக்கு மாத்தினது. அப்படி மாத்தினா இன்னொரு கருவிக்கோ குரலுக்கோ இடம் கிடைக்கும், அந்தப் பிரதிக்கும் ஒரு டேக் எண் கொடுத்துடுவாங்க. இவ்வளவு உழைச்ச பாட்டு ஒயிட் ஆல்பத்துல இடம் பிடிக்கல. ஹாரிசன் அதை வெறுத்து ஒதுக்கல. 1979-ல வெளியான சொந்த ஆல்பத்துக்காகத் திரும்பப் பதிவு பண்ணார். வேண்டாம்னு நினைச்சிருந்தா பத்து வருஷம் கழிச்சு அதைத் தொட்டிருப்பாரா?

1996-ல ஆந்தாலஜி 3-ல அது வந்தப்போ கிட்டத்தட்ட ஒரு நிமிஷத்தை வெட்டி எடுத்துட்டாங்க. 2018 பெட்டியிலதான் முழுசா வந்தது. அதுவரைக்கும் முழு டேக்கைக் காப்பாத்தி வச்சது யாரு?

கூரைக்கச்சேரி

அண்ணா, அப்போ 2018-க்கு அப்புறம் அந்த பூட்லெக் தேவையில்லைதானே? என் கேள்வியே அதுதான்.

நாலாம்டிராக்

அந்தப் பாட்டுக்குத் தேவையில்ல. ஒவ்வொண்ணாத்தான் பார்க்கணும். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' 1968 ஜூலை 18 அன்னிக்கு எடுத்த நீளமான டேக்குகள்ல ஒண்ணு, பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல ஓடுறது, அதே 2018 பெட்டியில முழுசா இருக்கு. மெதுவா, கனமா, ப்ளூஸ் மாதிரி நகரும். ஆந்தாலஜியில அதோட ஒரு துண்டுதான். ஆக அந்தத் துண்டை வச்சிருந்தா தூக்கிடலாம். அன்னிக்கே எடுத்த 27 நிமிஷ டேக் மட்டும் பூட்லெக்லயும் இல்ல, பெட்டியிலயும் இல்ல. அதைப் பத்தித்தான் எனக்கு ஏக்கமே.

நாக்ராபிரியன்

கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்குங்க. 'கெட் பேக்' தொடர்ல வர்ற 1969 ஜனவரி ஒத்திகைப் பதிவுகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

மத்த பதிவெல்லாம் ஸ்டூடியோ டேப். ஜனவரி டேப் அப்படி இல்ல. படம் எடுக்க வந்தவங்க ரெண்டு கேமராவுக்கு நாக்ராங்கிற டேப் கருவி ரெண்டு வச்சு மோனோவுல பிடிச்சது. ஒரு ரீல் சுமார் 16 நிமிஷம். பாட்டு, பேச்சு, டீ கேட்கிறது, சண்டை, சும்மா கிடார் நோண்டுறது, எல்லாம் அதுல விழுந்திருக்கு. நடுநடுவே கேமராவோட ஒத்திசைக்கப் போட்ட பீப் ஒலி, ரீல் எண்ணைச் சொல்ற குரல். ஜாக்சன் தரப்பு சொன்ன கணக்குப்படி படம் அறுபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒலி 150 மணி நேரத்துக்கு மேல. அதுல எட்டு மணி நேரத்தைத்தான் நாம தொடரா பார்த்தோம்.

தொடர் எனக்கு உயிர். அதைக் குறைச்சுச் சொல்லல. ஆனா ஜனவரி 7 காலையில மெக்கார்ட்னி பாஸை வச்சுக்கிட்டு 'கெட் பேக்' மெட்டைத் தேடுற இடம் இருக்கே, தொடர்ல அது சில நிமிஷத்துல பூ மலர்ற மாதிரி வந்துடும். ரீல்ல கேட்டா வேற அனுபவம். ஒரே தாளத்தை அடிச்சுக்கிட்டே இருக்கார். வார்த்தை இல்ல, வெறும் உளறல். நடுவுல மத்தவங்க பேச்சு குறுக்கிடுது. பிடிச்ச இழையை விட்டுட்டு மறுபடி பிடிக்கிறார். பாட்டு வரப்போகுதுன்னு அங்க யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் எனக்கு வேணும். அதை எடிட் பண்ணிக் கொடுக்க முடியாது, ஏன்னா எடிட் பண்றவருக்கு முடிவு தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கு. 'கெட் பேக்' வளர்ந்துக்கிட்டு இருந்தப்போ, பாகிஸ்தானிகள் வேலையைப் பறிக்கிறாங்கன்னு ஒரு வரி பாடிப் பார்த்தாங்க. 1968 ஏப்ரல்ல பிரிட்டிஷ் அரசியல்வாதி இனோக் பவல் பேசின பேச்சும், குடியேறிகளுக்கு எதிரா அப்போ கிளம்பின அரசியலும்தான் பின்னணி. அதைக் கிண்டல் பண்ணின வரி. பூட்லெக்ல அந்தத் துண்டு மட்டும் தனியா சுத்தினப்போ அவங்களையே இனவெறியர்னு சொன்னவங்க உண்டு. அந்த நாட்களோட ரீலை முழுசா கேட்டவங்களுக்கு அந்தச் சந்தேகமே வராது. பவல் பேரை வச்சே கேலியா பாடிக்கிட்டு இருக்காங்க. துண்டுதான் பொய் சொல்லும், முழு ரீல் சொல்லாது.

வெள்ளைஉறை

நாக்ராபிரியன், நீங்கள் சொல்வது ஆழமாகப் பதிகிறது. ஆனால் அதே ரீல்களில் தனிப்பட்ட பேச்சும் இருக்கிறது. ஜனவரி 10 அன்று ஹாரிசன் விலகிப்போனார். அதற்குப் பின் நண்பர்கள் மனம்விட்டுப் பேசிக்கொண்டதையெல்லாம் நாம் ஒட்டுக்கேட்கலாமா? அவை பாட்டு அல்லவே.

அந்த டேப்புகள் எப்படி வெளியே வந்தன என்பதும் மறக்கக்கூடியது அல்ல. அவை திருட்டுப் பொருள். 2003 ஜனவரியில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் போலீஸ் சோதனை நடத்தி 500 டேப் வரை மீட்டது. மீட்டதால்தான் பிறகு ஜாக்சனால் நல்ல ஒலியோடு வேலை செய்ய முடிந்தது.

நாக்ராபிரியன்

திருட்டு விஷயத்துல உங்களோட முழுசா ஒத்துப்போறேன். திருடினவங்களும் அதை வட்டு போட்டு வித்தவங்களும் செஞ்சது தப்பு. பர்ப்பிள் சிக் மாதிரி ரசிகர்கள் தொகுத்து இலவசமா பகிர்ந்ததை நான் வேற தட்டுல வைப்பேன். ஜனவரி ரீல்களை மட்டும் 'ஏ/பி ரோடு'னு 83 வட்டா தேதி வாரியா அடுக்கினாங்க. ஒரு பைசா வாங்கல. சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான், தெரியும். என் மனசுக்கு ஒண்ணில்ல.

ஒட்டுக்கேட்கிறது பத்தி: அவங்க எதிர்லயே கேமராவும் மைக்கும் இருந்துச்சு. எப்பவும் இல்ல; சாப்பாட்டு அறையில பூச்சட்டிக்குள்ள மைக் ஒளிச்சு வச்சதும் உண்டு, தொடர்லயே அது வருது. அந்த இடம் எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு. அதை அதிகாரபூர்வமா காட்டினாங்கங்கிறது கூச்சத்தைக் குறைக்கல.

நெறியாளர்

விவாதம் நல்லபடியாகப் போகிறது. ஒரே ஒரு நினைவூட்டல்: பதிவிறக்கச் சுட்டிகள், விற்பனை, வாங்கித் தருகிறேன் என்ற பேரம் எதுவும் இங்கே வேண்டாம். தனிமடலில் கேட்பதும் அதே விதிக்குள் வரும்.

மெல்லோட்ரான்

விற்பனைன்னு பேச்சு வந்ததால சட்டப் பக்கம் ஒண்ணு சொல்லிடறேன். 2013 டிசம்பர் 17-ல ஐடியூன்ஸ்ல திடீர்னு 'பூட்லெக் ரெக்கார்டிங்ஸ் 1963'-னு 59 டிராக் வந்துச்சே, விளம்பரமே இல்லாம. அது ரசிகர்கள் மேல வந்த பாசம் இல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துல ஒலிப்பதிவுக்கான உரிமைக் காலத்தை 50-லேர்ந்து 70 வருஷமா நீட்டினாங்க. ஆனா பதிவாகி 50 வருஷத்துக்குள்ள வெளியே வராத பதிவுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. 1963 பதிவுகளுக்கு 2013 முடியறதுதான் கெடு. அதான் வருஷக் கடைசியில அள்ளிக் கொட்டினாங்க. பாப் டிலன் தரப்பு 2012-லயே இதே காரணத்துக்காக மிகக் குறைஞ்ச பிரதிகள் போட்டுச்சு.

அந்த 59-ல நிறைய பி.பி.சி. பதிவு. 'தேர்ஸ் எ பிளேஸ்' ஸ்டூடியோ டேக்குகளும் இருக்கு. 1963 பிப்ரவரி 11, ஒரே நாள்ல பத்துப் பாட்டுப் பதிவு பண்ணின நாள். லெனனுக்குத் தொண்டை கட்டியிருக்கு, அதோட பாடிக்கிட்டே இருக்கார். எனக்கு இந்த மொத்தக் குவியல்லயும் அந்த நாள்தான் பெரிசு.

டேப்ஹிஸ்

எல்லாரும் பழசைப் பேசறீங்க. இப்போ இருக்கிற ஆபத்தைச் சொல்லணும்னு வந்தேன். சமீபத்துல சுத்துற 'புது அவுட்டேக்' பாதிக்கு மேல அவுட்ஃபேக், அதாவது போலி அவுட்டேக்.

2009-ல பீட்டில்ஸ் பாட்டை வச்சு 'ராக் பேண்ட்' வீடியோ விளையாட்டு வந்ததுலேர்ந்து குரல் தனி, கிடார் தனின்னு டிராக்குகள் கசிஞ்சுடுச்சு. இப்போ மென்பொருளே மோனோ டேப்லேர்ந்துகூடப் பிரிச்சுக் கொடுத்துடுது. ஒரு குரலை எடுத்துட்டு, பின்குரலைக் குறைச்சு, முன்னாடி எங்கேயோ கிடைச்ச 'ஒன் டூ த்ரீ'யை ஒட்டி, கொஞ்சம் ஹிஸ் (டேப் இரைச்சல்) சேர்த்துட்டா 'இதுவரை கேட்காத டேக்' ரெடி.

கண்டுபிடிக்க நான் செய்யறது இதுதான். சந்தேகப்படுற டிராக்கையும் வெளியான பாட்டையும் எடிட்டர்ல ஒண்ணுக்கு மேல ஒண்ணு வச்சு நொடி பிசகாம பொருத்துங்க. அப்புறம் ஒண்ணோட ஃபேஸை, அதாவது ஒலி அலையை, தலைகீழாத் திருப்பிப் போடுங்க. ஒரே வாசிப்புன்னா சத்தம் பெருமளவு அடங்கிடும், பள்ளத்துல விழுந்த மாதிரி. உண்மையிலேயே வேற டேக்னா அடங்கவே அடங்காது. ரெண்டு தடவை ஒரே நொடியில மூச்சு வாங்கிப் பாட எந்த மனுஷனாலயும் முடியாது. டேப் வேகம் மாறியிருந்தா முதல்ல அதைச் சரி பண்ணிக்கணும், இல்லன்னா சோதனை ஏமாத்திடும். ரிங்கோவோட ஹை-ஹாட்டை (டிரம்ஸ்ல இருக்கிற ஜோடித் தட்டு) வச்சுப் பொருத்துறது எனக்குச் சுலபமா இருக்கு.

அதனாலதான் பழைய தொகுப்போட இருக்கிற குறிப்புக் கோப்பை அழிக்காதீங்கன்னு சொல்றேன். எந்த டேப்லேர்ந்து எந்த வட்டுக்கு, அங்கேர்ந்து எந்தக் கோப்புக்கு வந்ததுன்னு எழுதி வச்சிருப்பாங்க. நாளைக்கு எது நிஜம்னு கேட்டா அந்த வம்சாவளிதான் சாட்சி.

வெள்ளைஉறை

டேப்ஹிஸ் சொன்ன மென்பொருள் பற்றி ஒரு கேள்வி. 'நவ் அண்ட் தென்' 2023 நவம்பரில் வந்ததே, அதே தொழில்நுட்பம்தானே? லெனன் வீட்டில் பியானோவோடு பாடிய கேசட்டிலிருந்து குரலைத் தனியே எடுத்தார்கள். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. முதல் முறை கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

டேப்ஹிஸ்

தொழில்நுட்பம் ஒரே குடும்பம்தான். வித்தியாசம் நேர்மையில. அவங்க என்ன செஞ்சாங்கன்னு சொல்லிட்டுச் செஞ்சாங்க. 1995-ல முயற்சி பண்ணி, பியானோவிலேர்ந்து குரலைப் பிரிக்க முடியாம விட்டதையும் சொன்னாங்க.

ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தக் கேசட்டை பூட்லெக்ல பல வருஷமா கேட்டவங்களுக்குத் தெரியும், சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவுல இன்னொரு பகுதி இருந்தது. உன்னை இழந்துடுவேனோங்கிற பயம் அதுலதான் இருக்கு. வெளியான பாட்டுல அது இல்ல. பாட்டு இறுக்கமா வந்ததுங்கிறது உண்மை. பயம் போயிடுச்சுங்கிறதும் உண்மை.

நாலாம்டிராக்

இதைத்தான் முதல்லேர்ந்து சொல்லிட்டு வர்றேன். வெளியான பாட்டை நான் குறை சொல்லல. ஆனா லெனன் அந்தப் பாட்டை எப்படி யோசிச்சார்னு தெரிஞ்சுக்கணும்னா கேசட்தான் ஆதாரம்.

அம்மா, உங்க கிட்டயும் ஒரு கேள்வி. 1968 மே மாசம் ஹாரிசன் வீட்டுல, ஈஷர்ல, ஒயிட் ஆல்பத்துக்கு முன்னோட்டமா டெமோ எடுத்தாங்க. அதுல ஆறேழு மட்டும் ஆந்தாலஜி 3-ல வந்தது. 1988-ல ஆரம்பிச்ச 'லாஸ்ட் லெனன் டேப்ஸ்' வானொலித் தொடர்லேர்ந்துதான் நிறைய வெளியே கசிஞ்சது. 2018-ல 27-ம் பளிச்சுன்னு வந்தது. அதுல 'டியர் ப்ரூடன்ஸ்' கடைசியில கிடாரை மீட்டிக்கிட்டே லெனன் பேசுவார், ரிஷிகேஷ்ல மகரிஷி கிட்ட தியானம் பண்ணப் போன பொண்ணு எப்படி நிலை தடுமாறினாங்கன்னு. பின்னால மத்தவங்க சிரிப்பு. ஒயிட் ஆல்பம் பதிவுல நாலு பேரும் முறைச்சுக்கிட்டே இருந்தாங்கன்னு படிச்சு வளர்ந்தவன் நான். அதைக் கேட்ட பிறகு அந்தக் கதையை அப்படியே நம்ப முடியல. அது கசியாம இருந்திருந்தா, ரசிகர்கள் இத்தனை வருஷம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கலன்னா, 27-ம் பெட்டியில வந்திருக்குமா?

வெள்ளைஉறை

வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அதை நான் மறுக்க முடியாது. ஒரு நிபந்தனையோடு ஏற்கிறேன்: அதிகாரபூர்வமாக வந்ததை, முடிந்தவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும். பூட்லெக் என்னிடம் இருக்கிறது, பெட்டி எதற்கு என்று சொல்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். 'கார்னிவல் ஆஃப் லைட்' பற்றிய என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை.

மெல்லோட்ரான்

பாதுகாப்புன்னு பேசும்போது ஒண்ணு சேர்த்துக்கறேன். 'லவ் மீ டூ' 1962 செப்டம்பர் 4 பதிவோட மூல டேப்பே இப்போ இல்ல. பழைய சிங்கிள் ரெக்கார்டிலேர்ந்துதான் திரும்ப எடுத்தாங்க. அந்தக் காலத்துல மாஸ்டர் தயாரானதும் மீதி டேப்பை வச்சிருக்கணும்னு யாரும் நினைக்கல. கம்பெனி எப்பவும் காப்பாத்தும்னு நம்பி உட்கார்ந்தா கஷ்டம்.

கூரைக்கச்சேரி

எல்லாருக்கும் நன்றி. இப்படிப் பிரிச்சுக்கறேன், தப்பிருந்தா சொல்லுங்க. 'நாட் கில்டி', ஈஷர் டெமோ, ஒலிப் பொறியாளர் கிளின் ஜான்ஸ் மிக்ஸ் பண்ணின 1969 'கெட் பேக்' ஆல்பம், இதெல்லாம் பெட்டியில முழுசா இருக்கு, அதனால பூட்லெக் பிரதியைத் தூக்கிடறேன். டெக்கா கம்பெனிக்குப் பாடிக் காட்டின ஆடிஷன், ஸ்ட்ராபெர்ரி முதல் டேக், நாக்ரா ரீல்கள், 'நவ் அண்ட் தென்' கேசட் இருக்கட்டும்.

நாலாம்டிராக்

டெக்காவைக் கண்டிப்பா வச்சுக்குங்க. 1962 ஜனவரி 1 அன்னிக்கு எடுத்த 15 பாட்டுல அஞ்சுதான் ஆந்தாலஜி 1-ல இருக்கு. டிரம்ஸ்ல ரிங்கோவுக்கு முன்னாடி இருந்த பீட் பெஸ்ட். ஈஷர் பூட்லெக்கைத் தூக்கறதுக்கு முன்னாடி பட்டியலை ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க, 1968 டெமோன்னு பேர் போட்டு லெனனோட வேற வீட்டுப் பதிவையும் அதுல கலந்து வச்சிருப்பாங்க. ஒரே தொகுப்பு எம்பி3-யிலயும் ஒலித் தரம் குறையாத ஃபிளாக்லயும் ரெண்டு தடவை இருந்தா எம்பி3-யைத் தூக்குங்க. அதுலயும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

கூரைக்கச்சேரி

சரி அண்ணா. நாக்ரா ரீலை எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்? மொத்தமா உட்கார்ந்தா பயமா இருக்கு.

நாக்ராபிரியன்

ஜனவரி 2-லேர்ந்து வரிசையா போனா ட்விக்கன்ஹாம் ஸ்டூடியோ குளிர்லயே சோர்ந்துடுவீங்க. 7-ம் தேதி 'கெட் பேக்' பிறக்கிற ரீலை முதல்ல கேளுங்க. அதுக்கப்புறம் நேரா 22-ம் தேதிக்கு வாங்க. லண்டன் சவில் ரோல இருந்த அவங்க ஆபீஸ் அடித்தளத்துக்கு இடம் மாறியாச்சு, கீபோர்டு கலைஞர் பில்லி பிரெஸ்டன் அன்னிக்குத்தான் வந்து எலெக்ட்ரிக் பியானோவுல உட்கார்றார். அவர் தொட்ட கொஞ்ச நேரத்துல மத்தவங்க வாசிப்பு நிமிருது, பேச்சுத் தொனிகூட மாறுது. 23-ம் தேதி அதே 'கெட் பேக்'கை எடுத்துக்கிட்டு மணிக்கணக்கா உழைக்கிறாங்க. இந்த மூணு நாளையும் ஹெட்போன்ல கேட்டுட்டு வாங்க, மத்ததை அப்புறம் பேசுவோம்.